இரவற் கணினியும் எமது எழுத்தும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியரிடம் எதிர்பார்க்கப்படுவன சங்கச் செய்யுளின் மாண்பும் நாவலர் பெருமானின் தொண்டும் போன்ற பொருள்களே என்பதை நாம் அறியாமலில்லை. அவை பற்றி எழுதவல்ல அன்பர் பலர் நம் பழைய மாணவரிடையே உளர். ஆதலின் நாம் சற்றுத் தாழ்ந்ததொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். அது விசைப்பலகை. நாவலர் 1849ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணைக்குக் கொணர்ந்தவர் என்பதை நினைவார்க்கு, கருவியைப் பற்றிப் பேசுவது தமிழைப் பற்றிப் பேசுவதாகாது என்று தோன்றாது.

கடந்த தவணையில் எமது மடிக்கணினி பழுதுற்றது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள திருத்தகத்தில் அதனை ஒப்படைத்தோம். மூன்று நாளில் தருவதாகச் சொன்னார்கள், மூன்று வாரமாயிற்று. (கொழும்பிலே 'மூன்று நாள்' என்பது கால அளவன்று, உபசாரமொழி என்பதை வாசகர் அறிவர்.) தவணைப் பரீட்சை அண்மையில் இருப்பதைச் சொன்னோம். "சேர், அதுவரைக்கும் இதைப் பாவியுங்கோ. ரெண்டு நாளிலை கை பழகிடும்" என்று அங்குள்ள இளைஞர் வேறொரு மடிக்கணினியை இரவலாகத் தந்தார். பிரித்தானியாவிலிருந்து எவரோ கொண்டுவந்து விட்டுச்சென்றது அது.

கை பழகவில்லை. பிரித்தானியப் பலகையிலே 'என்ரர்' விசை இரண்டு வரிசைக்கு உயர்ந்து நின்றது. இடப்பக்கத்து 'ஷிப்ற்' விசை குறுகி, அதன் அருகே எமக்குப் பழக்கமில்லாத விசையொன்று புகுந்திருந்தது. மேற்கோட் குறியும் மின்னஞ்சல் முகவரியில் வரும் குறியும் தம்முள் இடம் மாறியிருந்தன. 'கொன்ரோல்' என்று சுண்டுவிரல் சென்ற மூலையிலே வேறு விசை இருந்தது. தொடுபலகையில் விரலைக் கீழே இழுத்தால் எமது கணினியிற் பக்கம் நகரும் திசைக்கு மாறாக இதிற் பக்கம் நகர்ந்தது. பிரான்சியரும் ஜெர்மானியரும் ஆங்கிலப் பலகையிலேயே சில எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருப்பதை நாம் முன்னரே அறிவோம். அங்கு செல்லும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திற் படும் பாட்டையும் கேட்டிருக்கின்றோம். இவையெல்லாம் சிறு தொல்லைகள். ஒரு வாரத்தில் அகலக்கூடியன, அகன்றும் போயின.

அகலாதது வேறு. எமது வினாத்தாள்களைப் பென்டிரைவிலிருந்து திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. 'தமிழ்' என்னும் சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக நின்றன. பதினோராண்டு வினாத்தாள்கள், பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்த உரைகள், மாணவர் மன்ற அறிக்கைகள் யாவும் அவ்வாறே. காரணம் எளிது. அவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. இரவற் கணினியில் பாமினி இல்லை.

இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும், ஏனெனில் நம் ஆசிரியர் பலரும் அலுவலகத்தாரும் இன்னும் இதனை எழுத்துருச் சிக்கல் என்றே எண்ணியிருக்கின்றனர். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதும்போது கணினி தமிழை எழுதுவதில்லை. ஆங்கில எழுத்துகளையே எழுதி வைக்கின்றது. அவற்றின்மேல் தமிழ் வடிவம் முகமூடிபோல் அணிவிக்கப்படுகின்றது. முகமூடி உள்ள வீட்டில் அது தமிழ். இல்லாத வீட்டில் வெற்று ஆங்கிலக் குப்பை. ஒருங்குறி என்று நாம் கூறும் யூனிக்கோட் முறை அவ்வாறன்று. அங்கே ககரத்திற்கு உலகமெங்கும் ஒரே எண் உண்டு. அது ககரமன்றி வேறொன்றாதல் இயலாது. அம்முறையின் முதற் பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு அதனை ஏற்றுத் தமிழைக் காட்டியது. அதன்பின் கால் நூற்றாண்டு சென்றும் நம் வினாத்தாள்கள் முகமூடி அணிந்தே நடமாடுகின்றன.

பாமினியை இரவற் கணினியில் நிறுவச் சில நிமிடமே பிடித்தது. அப்போதும் தொல்லை தீர்ந்ததில்லை. பாமினியிலே 'சூ' என்னும் எழுத்து எண் மூன்றின் மேலுள்ள குறியில் வைக்கப்பட்டிருக்கின்றது. பிரித்தானியப் பலகையில் அவ்விடத்தில் இருப்பது பவுண் நாணயக் குறி. ஆகவே ஆறாந்தர வினாத்தாளில் ஔவையாரின் 'ஆத்திசூடி'க்குச் சூகாரம் கிட்டவில்லை. தேடிப் பார்த்ததில் அது 'என்ரர்' விசையின் அருகே ஒதுங்கியிருந்தது. 'விசேஷம்' என்பதிலுள்ள ஷகரமோ இடப்பக்கத்து மூலைக்கு ஓடியிருந்தது. ஆங்கிலேயர் தம் நாணயக் குறிக்கு ஓரிடம் ஒதுக்கிக்கொண்டதற்காக ஔவையார் இடம்பெயர வேண்டியதாயிற்று! நகைப்புக்கு உரியதாயினும், தமிழ் எழுத்து இன்னொரு மொழியின் குறியில் ஒண்டுக்குடித்தனம் செய்யும்வரை இந்நிலை நீங்காது.

இப்பலகையின் வரலாறு நம்மவருக்குப் பெருமை தருவது என்பதையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து மலாயா நாடு சென்ற ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப் பலகையை வகுத்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஐம்பதுக்கு உட்பட்ட விசைகளில் அடக்குவது எவ்வாறு? எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் அமரவேண்டியன. ஆதலின் அவற்றை அழுத்தும்போது வண்டி நகராது நிற்குமாறு அமைத்தார். பொறிகள் ஜெர்மனியிற் செய்விக்கப்பட்டன. கொட்டாஞ்சேனையில் நாம் தட்டச்சுப் பயின்ற வகுப்பிலே, 'யளனகப' என்று இடக்கைக்கும் 'தமட' என்று வலக்கைக்கும் இராகமிட்டுச் சொல்லிக்கொடுத்தனர். அவ்வோசை இன்றும் விரலில் இருக்கின்றது. பாமினி இப்பலகையைப் பெரும்பாலும் அவ்வாறே கணினிக்குக் கொணர்ந்தது. அதனாற்றான் ஸ்டென்சில் வெட்டி ரோனியோவிற் சுற்றிய தலைமுறை கணினிக்குள் அச்சமின்றிப் புகுந்தது. அந்நன்றியை நாம் மறவோம்.

ஆயினும் அப்பொறியோடு வந்த ஒரு வழக்கம் இன்று நமக்குப் பெருந்தீங்கு விளைக்கின்றது. கையெழுத்தில் ரகரத்தின் மேல் புள்ளியோ விசிறியோ வருமிடத்து, கீழ்க்கோட்டை விடுத்து, கால் போன்ற வடிவத்தின்மேலேயே அவற்றை இடுவது நெடுங்கால வழக்கு. கண்ணுக்கு அதில் குறையில்லை. தட்டச்சாளரும் அவ்வாறே ரகர விசையை விடுத்துக் கால் விசையை அழுத்திப் புள்ளியிட்டனர். தாளில் அது ரகரமெய்யாகவே தோன்றியது. பாமினியிலும் அப்பழக்கம் தொடர்ந்தது. அக்கோப்புகளை இன்று ஒருங்குறிக்கு மாற்றும்போது கணினி காலைக் காலென்றே கொள்கின்றது. 'ஆசிரியர்' என்னும் சொல்லில் ரகரம் இரண்டும் போய், இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. படிப்போர் கண் அதனைக் காண்பதில்லை. தேடும் கணினியோ, ஆசிரியர் என்று தேடினால், அப்பெயர் இம்மலரில் எங்கும் இல்லையென்று விடை பகர்கின்றது. இலங்கையில் வெளியாகும் இணையச் செய்திகளிலும் அறிக்கைகளிலும் இப்பிழை மலிந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவார் காணலாம்.

ஏட்டுச்சுவடியில் புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விடுத்தனர். எகர ஏகார வேற்றுமையும் ஏட்டில் விளங்காதிருந்து, பின்னரே வீரமாமுனிவர் காலத்தில் தெளிவுற்றது. புள்ளியில்லா ஏட்டிலிருந்து சரியான பாடத்தைத் தேறப் பதிப்பாசிரியர் பட்ட துன்பத்தை நாம் வகுப்பிலே வியந்து போற்றுகின்றோம். ஓலைக்குக் காரணம் இருந்தது. நாம் காலை இட்டு ரகரத்தை விடுவதற்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை.

இரவற் கணினியோடு கழிந்த மூன்று வாரத்தில் வேறு பலகைகளையும் முயன்று பார்த்தோம். விண்டோசில் நெடுங்காலமாக உள்ள தமிழ்ப் பலகை இந்திய அரசினர் எல்லா மொழிக்கும் ஒருபடித்தாக வகுத்த இன்ஸ்கிரிப்ட். அதனோடு எமக்கு ஒட்டுறவு உண்டாகவில்லை. பின்னர்த் தமிழ்99 பலகைக்கு வந்தோம். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட பலகை அது. உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து வலக்கையில். 'கொ' என்று எழுத, தட்டச்சுப் பொறியிற்போல் முதலிற் கொம்பும் பின்னர்க் ககரமும் அதன்பின் காலுமாக மூன்று துண்டு வேண்டியதில்லை. ககரத்தை அழுத்தி ஒகரத்தை அழுத்தினாற் போதும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் ஒருவர் சற்று நின்று மகிழ்தற்கு உரிமையுண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியனார் முதலாக வந்த இலக்கண நூலார் துணிபு. கொம்பு முன்னே நிற்பது கையின் ஒழுங்கு, ஒலியின் ஒழுங்கன்று. தட்டச்சுப் பொறி கையின் வழி நின்றது. தமிழ்99 இலக்கணத்தின் வழி நிற்கின்றது. மேலும் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகின்றது. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. இனவெழுத்து என்று நாம் கரும்பலகையில் எழுதிக் களைத்த பாடத்தை விசைப்பலகை தானே செய்துகாட்டுகின்றது. 'கொழும்பு' என்று எழுதப் பாமினியில் ஏழு விசையும், இடையே இருமுறை 'ஷிப்ற்' விசையும் வேண்டும். தமிழ்99இல் ஏழு விசை மட்டுமே. புள்ளியை நாம் இடுவதில்லை, மகரத்தின்பின் பகரம் வந்ததும் அது தானே வருகின்றது.

இவ்வளவு புகழ்ந்தும் ஓருண்மையை ஒளித்தல் தகாது. நாற்பதைக் கடந்த விரல் எளிதில் வேறு பாடம் கொள்வதில்லை. முதல் வாரத்தில் ஒரு பக்கத்திற்கு ஒரு மாலைப்பொழுது சென்றது. மூன்றாம் வாரத்தில் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. பாமினியில் அதே பக்கத்திற்குக் கால் மணி போதும். ஆகவே எம்மையும் எம்மினும் மூத்தோரையும் பழைய பலகையைக் கைவிடுக என்று வற்புறுத்துவது அறமன்று, பயனுமன்று. 'யளனகப' அறிந்த கைக்கு அதே வரிசையிலேயே ஒருங்குறியில் எழுதும் மென்பொருள்கள் உள. பலகை பழையதாயினும் எழுதப்படுவது மெய்த்தமிழாக இருந்தாற் போதும்.

மாணவர் திறம் வேறு. அவர்கள் விரலில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை என்று நாம் எண்ணியிருந்தோம். எழுதப்பட்டுவிட்டது. பத்தாந்தர மாணவர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து எழுதி, கைப்பேசி நீட்டும் சொற்களில் ஒன்றைப் பொறுக்குகின்றனர். ஒலிபெயர்ப்புப் பலகை ஒன்றிலே நகரத்திற்கு 'டபிள்யூ' என்பது விதி. ஒரு மாணவனிடம் தந்நகரம் எது என்று கேட்டால் டபிள்யூ என்கிறான். இதனை நகையாக எண்ணிக் கடந்துவிடலாம். 'வலி, வழி, வளி' மூன்றும் கைப்பேசியின் பட்டியலில் அருகருகே நிற்க, முதலில் நிற்பதைத் தொட்டுச் செல்லும் பழக்கத்தை அவ்வாறு கடந்துவிட இயலாது. அவன் எழுத்தைத் தெரிந்தெடுக்கவில்லை. எழுத்தறியாத பொறி அவனுக்காகத் தெரிந்தெடுத்தது. விடைத்தாளில் பேனா பிடிக்கும்போது பட்டியல் நீட்டுவார் இல்லை. மனமும் மணமும் அப்போது ஒன்றாகின்றன.

ஒலிபெயர்ப்பால் நன்மையே இல்லை என்பாரோடு நாம் சேரோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் பிள்ளைகள் பேரனுக்குரிய முறையில் பாட்டிக்கு நாலு வரி தமிழில் எழுதுவது அதனாலேயே கைகூடுகின்றது. எழுத்திலக்கணம் நன்கு அறிந்தவர்க்கும் அதனாற் கேடில்லை. ஆனால் எழுத்தையே கற்கும் பருவத்தில், ஆங்கிலத்தின் தோள்மேல் ஏறியே தமிழைத் தொடவேண்டும் என்னும் பழக்கம் ஊன்றுமாயின், பின்னர் அதனைப் பெயர்ப்பது அரிது. எமது விரலே அதற்குச் சான்று.

ஆகவே நம் கல்லூரியில் ஆறாந்தரத்திலேயே ஒரு தவணை, வாரம் ஒரு பாடவேளை, தமிழ் விசைப்பலகையைப் பார்க்காது அடிக்கும் பயிற்சி வைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. எப்பலகை என்னும் வினா எழும். இலங்கையில் 2008ஆம் ஆண்டு வெளியான 1326ஆம் இலக்க நியமம் ரங்கநாதன் பலகையைக் கொண்டது. அது தட்டச்சு வரிசையைத் தழுவியது. அரசாங்க அலுவலகம் புக விரும்புவோர் அதனை அறிதல் நன்று. நாட்டின் நியமத்தை விடுத்துப் பிறநாட்டுப் பலகையைக் கற்பிப்பதா என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. எனினும் மாணவன் நாளை எக்கணினியின் முன் அமர்வான் என்பதை நாம் அறியோம். தமிழ்99 ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் உடன்வருவது. விண்டோசிலும் இப்பொழுது உண்டு. மற்றைக் கைப்பேசிகளில் செல்லினம் போன்ற செயலி வழியாகக் கிட்டும். இரவற் கணினியானாலும், அயல்நாட்டு நூலகத்துக் கணினியானாலும், அமைப்பில் ஒருமுறை தெரிவுசெய்து உடனே எழுதத் தொடங்கலாம். எமது தெரிவு அதுவே. ரங்கநாதன் பலகையை விரும்பும் ஆசிரியர் அதனைக் கற்பிப்பாராயின் நாம் எதிர்த்து நில்லோம். ஒன்றையும் கற்பியாது விடுவதையே எதிர்க்கின்றோம்.

கணினிக் கூடத்திற்குப் பொருளுதவி செய்யும் பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம். புதுக் கணினி வாங்கித் தருவது பெருந்தொண்டு. அதனோடு, விசைகளில் ஒட்டத்தக்க தமிழெழுத்து வில்லைகளையும் சேர்த்துத் தருவீர்களாயின் செலவு மிகச் சிறிது. ஆங்கில எழுத்து மட்டும் பொறித்த பலகையைப் பார்த்து வளரும் பிள்ளை, கணினி ஆங்கிலேயருடையது என்றே எண்ணும். தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. அதனை நிறைவேற்றத் தமிழில் விரைந்து எழுதவல்லார் வேண்டும். அவர்களை உண்டாக்கும் வேலை பாடசாலைகளைச் சார்ந்தது.

இறுதியாக இம்மலரைப் பற்றி. முன்னைய மலர்களுட் சில பாமினியிலும் அதையொத்த எழுத்துருக்களிலும் கோக்கப்பட்டு இறுவட்டிலோ நெகிழ்வட்டிலோ கிடக்கின்றன. அச்சுப் பிரதிகளோ கறையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையாகி வருகின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிற் காத்துவருவதைப் பலரும் அறிவீர்கள். நம் மலர்களையும் அங்கு சேர்க்கலாம். பக்கப் படங்களாக மட்டுமன்றித் தேடத்தக்க தமிழாகவும் கொடுத்தல் நன்று. அதற்குக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, காலாக நிற்கும் ரகரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் இவ்வேலைக்கு முன்வந்திருக்கின்றனர். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு எம்முடையது. பழைய மலர்களின் பிரதிகளோ, அவை அடங்கிய வட்டுகளோ, அச்சகத்திலிருந்து மீண்ட கோப்புகளோ எவரிடமேனும் இருப்பின், அவை எந்த எழுத்துருவில் இருந்தாலும் கவலையின்றிக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகின்றோம். வட்டின் மேல் ஆண்டைக் குறித்துத் தந்தால் எமக்கு வேலை எளிதாகும்.